மேலே லொறி, கீழே மதகு

கூட்டாளிமாரே, போன மாதம் நாமெல்லாம் வேன் பிடித்து இங்கினியாகலைப் பக்கம் குளம் பார்க்கப் போனோமே, அன்று நான் குளக்கட்டின் உச்சியில் நின்று அரை மணித்தியாலம் இறங்கி வரவில்லை. நீங்கள் கீழே மதகடியில் சாப்பாட்டுப் பார்சல்களை விரித்து வைத்துக்கொண்டு வேனில் இருந்து ஹோனுக்கு மேல் ஹோன் அடித்தீர்கள். நான் வந்து சேர்ந்ததும், "என்ன சம்பியன், மேல பொம்புள பாத்துட்டா நிண்ட நீ?" என்று தபால்காரக் காக்கா கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். சீனி இறங்கித் தலை சுற்றியது என்று சொன்னேன். அது பொய். சீனி வருத்தம் எனக்கு இருக்கிறது, ஆனால் அன்று ஒன்றும் இறங்கவில்லை.

காரணத்தை வாயால் சொல்ல எனக்கு ஏலாது, அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் உங்களில் வாத்தியார் வேலை பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். அப்படிப்பட்ட நான், கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பம்பும் ஒரு பேசின் தண்ணீருமாகப் பஞ்சர் ஒட்டக் குந்தியவன், இன்று இந்தக் கரையில் மூன்று சைக்கிள் கடைக்கு முதலாளி. கூனிய ஹாண்டில் போட்ட, தும்பு மாதிரிப் பாரமில்லாத ரேஸ் சைக்கிள்களைப் பொத்துவில் வரைக்கும் ஓட்டித் திரிகிற பொடியன்களில் பாதிப் பேர் என்னிடம் வாங்கியவர்கள்தான். பட்டம் முடித்த பிள்ளைகள் என் முன்னால் எழும்பி நின்று கதைக்கிறார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது, உழைத்திருக்கிறேன்.

அந்தப் பொடியன்கள் கடைக்கு வந்து கேட்பது ஒரே கேள்வி. "ஹாஜியார், ஏத்தத்துல எப்பிடிக் கெதியா ஏறுற?" நான் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொல்வேன்: "மலையைப் பாக்காத. முன் டயரைப் பாரு. முதல் வளைவுல வலுவ மிச்சம் பிடி. சீட்டை விட்டு எழும்பாத. மூச்ச மிதியோட சேத்து விடு, ரெண்டு மிதிக்கு ஒண்டு." பெரிய ஞானி சொன்ன மாதிரிக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

அந்தச் சொல் என்னுடையது இல்லை. அது என் மச்சானுடையது.

மச்சானை உங்களுக்குத் தெரியும். போன மாரியில் அடக்கம் செய்ய, நாம் சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு மையவாடிக்குப் போனோமே, அவன்தான். சம்மாந்துறையில் பெண் எடுத்து அங்கேயே இருந்த லொறி டிரைவர். என் உம்மாவின் காக்காவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, ஒரே ஆண் பிள்ளை. அவனுக்குக் கீழே ஒரு தங்கச்சி. அவள்தான் என் வீட்டுக்காரி.

எங்களுக்கு அப்போது பதினாலு வயது. அவன் என்னைவிட இரண்டு மாதம் மூப்பு. ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. அவனுக்குப் படிப்பு வரும், எனக்கு வராது. எனக்குச் சதை இருந்தது, அவனுக்கு இல்லை. கொக்குக்குச் சேட்டுப் போட்ட மாதிரி இருப்பான்.

மாமா ஒரு நெல் ஆலையில் லொறி ஓடினார். மலைநாட்டுக்கு அரிசி ஏற்றிப் போன ஒரு நடையில், தோட்டத்துத் துரை ஒருவர் கழித்துவிட்ட ரேஸ் சைக்கிளை எங்கேயோ கண்டு லொறியில் போட்டுக்கொண்டு வந்தார். பச்சை நிறம், பாதி உரிந்தது. ஹாண்டில் ஆட்டுக் கடாவின் கொம்பு மாதிரி வளைந்து கீழே இறங்கும். பின்னால் ஐந்து பல்லுச் சக்கரம், அதில் மூன்றுதான் வேலை செய்யும். சீட்டு எலிக்குஞ்சு அளவு. முதல் நாள் ஊரே வந்து பார்த்தது. என் வாப்பா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன மச்சான், சைக்கிளா கூடா? காத்தடிச்சாப் பறந்திரும் போல" என்றார்.

அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு விளையாட்டு மாஸ்டர் வந்திருந்தார். காரைதீவுக்காரர், வெள்ளைச் சப்பாத்து. அவர் அந்தச் சைக்கிளைக் கண்டுவிட்டு மாமாவைத் தேடி வீட்டுக்கே வந்தார். மலைநாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் ஓட்டம் நடக்கிறது, முழுக்க ஏற்றம், முன்னுக்கு வருகிற பிள்ளைகளை அங்கே ஒரு பெரிய பள்ளிக்கூடம் எடுத்து, விடுதியில் வைத்துப் படிப்பிக்கும். நம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவனை அனுப்பலாம். ஒருவனைத்தான்.

மாமியின் முகத்தை நான் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தா. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண் பிள்ளைக்கு. மாமா கல்லுக் கல்லாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த அந்த வீடு மச்சானின் தங்கச்சிக்கு என்று அவள் பிறந்த அன்றே முடிவாகிவிட்டது. ஆண் பிள்ளை ஒருநாள் வேறு வீட்டுக்குப் போகிறவன். அவன் கையில் கொண்டுபோக ஒன்று வேண்டும், படிப்போ தொழிலோ. மச்சானுக்கு அந்த ஒன்று இதுதான் என்று மாமி அந்தக் கதவுக்குப் பின்னாலேயே முடிவு செய்துவிட்டா.

ஆனால் சைக்கிள் ஓட எனக்கும் ஆசை. என் வாப்பாவுக்கு என்னைவிட ஆசை.

"ரெண்டு பேரும் ஓடட்டும் மச்சான்," என்றார் வாப்பா. "கெதியா ஏறுறவன் போகட்டும். நீங்க உங்கட மகனுக்கெண்டு பாக்கப்படாது."

"நான் ஏன் பாக்கப் போறன்?" என்றார் மாமா. "மகனும் ஒண்டுதான், மருமகனும் ஒண்டுதான் எனக்கு."

அந்த வார்த்தையில்தான் அவர் மாட்டிக்கொண்டார்.

இனி மலை எங்கே? நம் ஊரில் உயரமான இடம் என்றால் பள்ளிவாசல் மினாராவும் பாலத்தின் முதுகும்தான். கடலும் வயலும் ஒரே மட்டம். மலை ஏறுவதைப் பற்றி எங்கள் பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் தெரியாது. வாப்பா ஒரு யோசனை சொன்னார். அது கச்சான் காலம். மத்தியானத்தில் மேற்கேயிருந்து சூளை வாயைத் திறந்துவிட்ட மாதிரிக் காற்று அடிக்கும், வாழையிலை நாராய்க் கிழியும், கிணற்றடியில் காயப்போட்ட சாரன் வேலி தாண்டும். "காத்துதான் எங்கட மலை," என்றார் வாப்பா. கரியரில் அரை மூட்டை மணலைக் கட்டி, சம்மாந்துறைப் பக்கம், காற்றுக்கு நேர் எதிரே எங்களை மிதிக்கவிட்டார்.

நாங்கள் மிதித்தோம். ஒரு நாள் அவன் ரேஸ் சைக்கிளில், நான் வாப்பாவின் பழைய சைக்கிளில். மறுநாள் மாற்றி. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சிறுபோக வேளாண்மை பழுத்துக் கிடக்கும். உழவு மெசின்காரர்கள், "என்னடா, மண்ணைக் கொண்டுபோய் சம்மாந்துறையில விக்கப் போறீங்களா?" என்று கத்துவார்கள்.

இரண்டு கிழமையில் மச்சான் சொன்னான், "மச்சான், இது பிழை. காத்து களைச்சுப் போகும், பொழுது பட்டா நிண்டுரும். மலை களைக்காது. மணல் மூட்டையால கால்தான் மொத்தமாகும். நமக்குத் தேவை மூச்சு." யாரும் கேட்கவில்லை. பதினாலு வயதுப் பொடியன் சொன்னால் யார் கேட்பது?

சனிக்கிழமைகளில் மாமா குடியேற்றப் பக்கம் நெல்லேற்றப் போவார். வெறும் லொறிதானே, எங்களையும் சைக்கிளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த இங்கினியாகலைக் குளக்கட்டுக்குப் போவார். அங்கேதான் உண்மையான ஏற்றம். ஒரு சைக்கிள், இரண்டு பேர். அதனால் ஒரு ஒழுங்கு வைத்தார். லொறி மேலே போய் உச்சியில் நிற்கும். அடிவாரத்தில், வாய்க்கால் ரோட்டுக்குக் கீழால் போகிற மதகில் நாங்கள் நிற்போம். மாமா கைமணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஹோன் அடிப்பார். ஹோன் கேட்டதும் ஒருவன் மிதிக்க வேண்டும். ரோட்டு மூன்று வளைவு சுற்றிப் போகிறதே தவிர, நேராகப் பார்த்தால் மதகுக்கும் உச்சிக்கும் பெரிய தூரமில்லை. ஹோன் பக்கத்தில் அடித்த மாதிரிக் கேட்கும். முதல் ஆள் மேலே போய்ச் சேர்ந்து, சைக்கிளோடு இறங்கி வந்து மற்றவனிடம் கொடுப்பான். மறுபடி ஹோன்.

யார் முதலில்? "மகன் முதல்ல ஏறட்டும். மருமகன் களைப்பாறிட்டு ஏறட்டும்," என்றார் மாமா. முதலில் ஏறுவது கஷ்டம், உடம்பு சூடாகியிருக்காது. மகனுக்குத்தான் கஷ்டத்தைக் கொடுத்தார்.

நேரத்தை லொறியின் பக்கப் பலகையில் சோக்கால் எழுதுவார். இடப்பக்கம் அவன், வலப்பக்கம் நான். நெல் மூட்டைகள் உராய்ந்து கிழமைக்குள் பாதி அழிந்துவிடும், ஆனாலும் பழைய கோடுகளுக்கு மேலேயே எழுதுவார்.

அந்தச் சனிக்கிழமைகள் தொடங்கியபோது நோன்பும் தொடங்கிவிட்டது.

மாஸ்டர் வந்து மாமாவிடம் சொன்னார், "நோன்பு முடியட்டும் முதலாளி. மறுகா பாப்பம். பொடியன்கள் தண்ணி இல்லாம வெயில்ல ஏறுறது கூடாது." மாமா யோசித்தார். வாப்பா யோசிக்கவில்லை. பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் ஓட்டம், அதற்குள் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைவிட, வாப்பா அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் கை கால் கழுவுகிற ஹவுளடியில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: "எங்கட பொடியன்கள் நோன்போட மலை ஏறுறான்கள்!" ஊர் வாயைப் பிளந்துவிட்டது. பெரியவர்கள் எங்களைக் கண்டால் தலையைத் தடவினார்கள். இனி எப்படி இறங்குவது?

பயணத்தில் இருப்பவன் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கலாம். குர்ஆன் ஓதுகிற சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சலுகை அது. குளக்கட்டு எங்கே, எங்கள் ஊர் எங்கே. ஹவுளடியில் இருந்த அத்தனை பேரில் ஒருவர் வாய் திறந்து அதைச் சொல்லவில்லை. எங்கள் நோன்பு அவர்களுக்கு இனித்தது.

முதல் சனிக்கிழமை இரண்டு பேரும் சுத்தமாக ஏறினோம். நான் எழும்பி நின்று, பல்லைக் கடித்து, ஹாண்டிலை இழுத்து மிதித்தேன். முதல் வளைவு என்னுடையது. இரண்டாம் வளைவில் கண்ணுக்குள் கறுப்புப் புள்ளி பறந்தது. மூன்றாம் வளைவில் ஒரு குரங்கு ரோட்டோரக் கட்டின் மேல் குந்தியிருந்து என்னைப் பார்த்தது, அதைவிட மெதுவாகப் போனேன். மச்சான் என்னை அரை நிமிடத்தால் வென்றான்.

திரும்பும்போது லொறிப் பின்னால் படுத்துக்கொண்டு அவன்தான் எனக்குச் சொல்லித் தந்தான்.

"நீ மலையைப் பாக்கிறாய் மச்சான். அதால பயம் வருகுது. முன் டயரை மட்டும் பாரு. டயருக்கு ஏத்தம் தெரியாது."

"எழும்பி மிதிச்சாத்தானே வேகம் வரும்?"

"வரும். வந்து போயிரும். இருந்து மிதி. முதல் வளைவுல உன்னை யாரும் பாக்கல்ல, அங்க ஏன் படம் காட்டுறாய்?"

சிரித்தோம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சிரிப்பு சத்தமில்லாமல் வந்தது.

இரண்டாம் சனிக்கிழமை கச்சான் இன்னும் மோசம். குளத்துப் பக்கம் இருந்து வந்த காற்றே கொதித்தது. ஹோன் அடித்தது, மச்சான் ஏறிப் போனான். நான் மதகுக் கட்டின் மேல் தனியாக இருந்தேன். குளத்தில் இருந்து திறந்துவிட்ட தண்ணீர் காலுக்குக் கீழே ஓடுகிறது. அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், போன மாதம் நீங்களும் கால் நனைத்தீர்கள். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. அடியில் கூழாங்கல் தெரியும். பக்கத்தில் போனாலே முகத்தில் குளிர் அடிக்கும்.

முதலில் முகம் கழுவினேன். அது குற்றமில்லை. மறுபடி கழுவினேன். மூன்றாம் முறை இரண்டு கையாலும் அள்ளினேன். முகத்துக்குக் கொண்டுபோகவில்லை.

குடித்தேன், கூட்டாளிமாரே. மாடு குடிக்கிற மாதிரிக் குடித்தேன். அந்தத் தண்ணீர் தொண்டையால் இறங்கின இடமெல்லாம் இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

அன்று இரண்டு பேருக்கும் ஒரே நேரம். மாமா பலகையில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணை எழுதினார். நான் ஹாண்டிலில் தலையைக் கவிழ்த்து மூச்சு வாங்கினேன். எப்போதும் அப்படித்தான். உச்சிக்குப் போனால் நான் பார்ப்பது பலகையை, என் பக்கத்து எண்ணை. சுற்றிப் பார்த்ததே இல்லை.

மாமா சோக்கைக் கையில் உருட்டிக்கொண்டு கேட்டார், "மருமகன், கீழ முகம் கழுவினியா?"

"ஓம் மாமா. சரியான வெக்கை."

"கழுவு, கழுவு. முகம் கழுவலாம்."

அவ்வளவுதான். நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

மூன்றாம் கிழமை இருபது விநாடி முன்னுக்கு வந்தேன். சும்மா தண்ணீரால் மட்டுமில்லை, மச்சான் சொன்னபடியெல்லாம் செய்தேன். டயரைப் பார்த்தேன், இருந்து மிதித்தேன், மூச்சை எண்ணினேன். மட்காட்டைக் கழற்றினோம், மணியைக் கழற்றினோம். பழைய புத்தகப் பை வாரை வெட்டி மிதியில் காலைக் கட்டினோம். டயருக்குக் கல்லு மாதிரிக் காற்று அடித்தோம். எல்லாம் அவன் யோசனை. அவன் யோசனையும் என் வயிற்றுத் தண்ணீரும் சேர்ந்து என்னை ஏற்றின.

நான் ஏறும் முறை வரும்போது அவன் மதகில் இருப்பான். ஒருநாள் கேட்டேன், "நீ முகம் கழுவ இல்லையா?"

"இல்ல. தண்ணியப் பாத்தாத் தாகம் கூடும். நான் முதுகைக் காட்டிக்கிட்டு ரோட்டைப் பாத்துட்டு இரிப்பன்."

நான் சைக்கிளில் ஏறிக் காலைக் கட்டினேன்.

நான்காவது சனிக்கிழமைதான் முடிவு. மாஸ்டரும் லொறியில் வந்தார், மாமாவோடு மேலே போய் நின்றார். வாப்பாவும் வந்தார், தொப்பியும் புது சாரனுமாக. அன்று மச்சான் மூன்றாம் வளைவில் விழுந்தான். பின்னால்தான் எனக்குத் தெரியும். கால் வாரைக் கழற்ற முடியாமல் சைக்கிளோடு சரிந்து, மஞ்சளாய் வாந்தி எடுத்து, எழும்பி மறுபடி ஏறி ஓடி முடித்திருக்கிறான். விழுந்தும், முதல் கிழமை ஓடின நேரத்துக்குக் கொஞ்சம்தான் கூட. கீழே சைக்கிளைக் கொண்டுவந்து தந்தபோது முழங்கையில் ரத்தம், உதடு வெள்ளைப் பூத்திருந்தது.

"கவனம் மச்சான்," என்றான். "மூண்டாம் வளைவுல மணல் கிடக்குது."

என் வாயில் அப்போதும் வாய்க்கால் தண்ணீரின் குளிர் இருந்தது. நான் அந்த மணலை விலத்தி ஏறினேன். என்னுடைய ஆகக் கெதியான ஏற்றம் அது. இன்று கடைக்கு வருகிற கியர் சைக்கிள் பொடியன்களில் பாதிப் பேர் அந்த நேரத்துக்குக் கிட்ட வரமாட்டார்கள். அதை மட்டும் இப்போதும் சொல்வேன்.

வாப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். "பாத்தீங்களா மச்சான், என்ட மகனுக்கு நோன்பு மருந்து மாதிரி! உங்கட மகனுக்கு வலு காணாது, ரெண்டு முட்டை கூடக் குடுங்க."

மாஸ்டர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "முதலாளி," என்று மெதுவாகச் சொன்னார், "உங்கட மகன் நாலு முறையும் ஒரே மாதிரி ஏறியிருக்கிறான். விழுந்தும் அப்பிடித்தான். இப்பிடி ஒரு பொடியனை நான் காணயில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு?" என்றார் வாப்பா. "கெதியா ஏறினவன் போறான். அதுதானே பேச்சு?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா பள்ளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அதுதான் பேச்சு," என்றார். கையில் மிச்சமிருந்த சோக்கைக் கீழே எறிந்தார். அது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

வழியில் பொழுது பட்டது. அம்பாறை தாண்டி வயல் ஓரமாக லொறியை நிறுத்தினார். தூரத்தில் எங்கேயோ பாங்கு சொல்லுகிற சத்தம் காற்றில் வந்து வந்து போனது. பேரீச்சம்பழத்தைப் பங்கிட்டார். ஒரே ஒரு போத்தல் தண்ணீர். அதை முதலில் எனக்கு நீட்டினார்.

"நீ முதல்ல குடி மருமகன். உனக்குத்தான் தாகம் கூட."

"ஏன் வாப்பா, எனக்குத் தாகமில்லையா?" என்று சிரித்தான் மச்சான், முழங்கையில் சாரன் துண்டைச் சுற்றிக்கொண்டு.

"நீ பொறுப்பாய்டா," என்றார் மாமா.

நான் போத்தலை வாங்கினேன். நோன்பு திறக்கிறவனைப் போல பிஸ்மி சொல்லிக் குடித்தேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் மலைநாட்டில் ஓடினேன். அங்கே குளிர், மழைத் தூறல். எல்லோருடைய சைக்கிளிலும் தண்ணீர்ப் போத்தல் இருந்தது, எல்லோரும் குடித்தார்கள். அந்த ஏற்றத்தில் வளைவு எண்ண முடியாது. ஐந்தாவது வளைவிலேயே என் வித்தை முடிந்தது. கடைசிக்கு முன்னால் வந்தேன், எனக்குப் பின்னால் வந்தவனுக்குச் செயின் அறுந்திருந்தது. விடுதி கிடைக்கவில்லை. ஒரு சான்றிதழ் தந்தார்கள். சிங்களத்தில் அச்சடித்தது, கலந்துகொண்டான் என்று மட்டும். வாப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. முத்திரையைக் கண்டார், கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு முகப்பில் மாட்டிவிட்டு ஊருக்குச் சொன்னார், "என்ட மகன் மலைநாட்டுச் சம்பியன்!" நான் வாசித்துச் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் சம்பியன். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அந்தச் சட்டம் சுவரோடு போனது. பெயர் போகவில்லை.

அடுத்த தவணையோடு மச்சான் பள்ளிக்கூடத்தை விட்டான். வலு இல்லாத பிள்ளை, தகப்பனோடு லொறியில் போய்ப் பழகட்டும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். லொறிப் படியில் தொங்கினான், பிறகு ஸ்டியரிங் பிடித்தான். நாற்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டின் ஏற்றமெல்லாம் மற்றவர்களின் நெல்லோடு ஏறினான். சைக்கிளை அவன் மறுபடி தொட்டதில்லை. அது ஆலையின் பின் சுவரில் தொங்கி, ஹாண்டிலில் சிட்டுக்குருவி கூடு கட்டி, ஒருநாள் இல்லாமல் போனது.

எனக்கு மாமா தன் மகளைத் தந்தார். வீட்டையும் தந்தார். நான் சொந்தக் காலில் நின்றவன் என்று உங்களிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அந்தக் கால் நின்றது மச்சான் பிறந்து வளர்ந்த வீட்டு முற்றத்தில். அவன் பெருநாளுக்கு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "மச்சான், உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவான்.

இனிப் போன மாதத்துக்கு வருகிறேன்.

நீங்கள் வேனில் கீழே இறங்கிவிட்டீர்கள். நான் நடந்து வருகிறேன் என்று உச்சியில் நின்றுவிட்டேன். லொறி நிற்கிற அதே இடம். அங்கே நின்று நான் ஒருநாளும் கீழே பார்த்ததில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. பார்த்தேன்.

மதகு உள்ளங்கை மாதிரித் தெரிந்தது. இப்போது மரம் கூடியிருக்கிறது, என் கண்ணுக்கும் புரை வெட்டி வில்லை வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் தெரிந்தது. தபால்காரக் காக்கா வாய்க்கால் ஓரத்தில் குந்தியிருந்தார். முதலில் முகம் கழுவினார். பிறகு இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். எது கழுவுவது, எது குடிப்பது என்று எனக்குத் தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடிந்தது.

மாமா அங்கேதான் நின்றார். நான்கு சனிக்கிழமையும்.

"கழுவு, கழுவு. முகம் கழுவலாம்." "உனக்குத்தான் தாகம் கூட." அந்த மனிதர் எல்லாவற்றையும் கண்டிருக்கிறார். கண்டும் என் பெயருக்கு நேரே எண்ணை எழுதியிருக்கிறார். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்தக் குளக்கட்டில் நின்று யோசித்தேன். வாப்பா என்னை உரித்திருப்பார். உம்மா, அவருடைய தங்கச்சி, ஊரில் தலை காட்டியிருக்கமாட்டா. ஹவுளடியில், "மகனை அனுப்பத் தங்கச்சியின் பிள்ளையைக் காட்டிக் கொடுத்தான்" என்று சொல்லியிருப்பார்கள். மகனும் மருமகனும் ஒன்று என்று தன் வாயால் சொன்ன மனிதர். ஒன்று என்று காட்டுவதற்காக மகனை விட்டுக்கொடுத்துவிட்டார். அதை நீதி என்று நினைத்திருப்பார். பாவம், அது நீதியும் இல்லை. எனக்கும் அது உதவவில்லை.

மச்சானும் என்னை முந்தி மேலே போனவன்தானே. அவன் கண்டானா? அது எனக்குத் தெரியாது. மாமாவும் இல்லை, அவனும் இல்லை. "நீ பொறுப்பாய்டா" என்று தகப்பன் சொன்னான், பிள்ளை பொறுத்தான். எதைப் பொறுத்தான் என்று தெரிந்து பொறுத்தானா, தெரியாமல் பொறுத்தானா? கேட்கப் போனால் மையவாடியில் தலைமாட்டு மீசான் கல்தான் நிற்கிறது.

நான் விட்ட நோன்பு மூன்று. பெருநாளைக்கு அடுத்த மாதமே, வயிற்று வலி என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு, மூன்றையும் ஒளித்துப் பிடித்துவிட்டேன். விட்ட நோன்புக்கு வழி இருக்கிறது. மச்சானுக்கு விட்டுப்போன அந்த ஏற்றத்தை எந்த மாதத்தில் நான் பிடித்துக் கொடுப்பது? உங்களில் ஓதினவர்கள் இருக்கிறீர்கள், தெரிந்தால் சொல்லுங்கள்.

வீட்டுக்காரியிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. அவள் காக்காவைப் பற்றியது. இந்தக் கடுதாசியை முதலில் அவளிடம்தான் வாசித்துக் காட்ட வேண்டும், பிறகுதான் உங்கள் கைக்கு வரும். உங்கள் கைக்கு வந்திருந்தால் அவள் கேட்டுவிட்டாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு என்னைச் சம்பியன் என்று கூப்பிடாதீர்கள்.

அன்று மேலே நின்றுகொண்டிருக்கும்போதுதான் கீழேயிருந்து நீங்கள் ஹோன் அடித்தீர்கள். என் வலது கால் தானாக எழும்பியது, மிதியைத் தேடி. அத்தனை வருடத்துக்குப் பிறகும் ஹோன் கேட்டால் ஏற வேண்டும் என்று அந்தக் காலுக்குத் தெரிந்திருக்கிறது. நான் மேலேதான் நின்றேன், ஏற அங்கே ஒன்றும் இல்லை. மூன்று வளைவையும் நடந்து இறங்கினேன். மூன்றாம் வளைவில் இப்போதும் மணல் கிடக்கிறது.